பார்த்துச் செய்தல் குற்றமா?

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் இயற்பியல் ஆசிரியனுக்கு என்ன வேலை என்று மாணவச் செல்வங்கள் சிலர் புன்முறுவல் பூக்கக்கூடும். கட்டுரை கேட்டு வந்த தமிழ்த்துறைத் தலைவரிடம் நானும் அதையே கேட்டேன். "படிப்பு வராத பிள்ளைகளைப் பற்றி எழுதுங்கள், அது எல்லாத் துறைக்கும் பொதுதானே" என்றார் அவர். நண்பர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆயினும் 'படிப்பு வராத' என்னும் அத்தொடர் என் நெஞ்சை உறுத்திற்று. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அத்தொடரை நானும் கூசாமல் வழங்கி வந்தவன். அதைக் கைவிட நேர்ந்த கதையைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈராண்டுகளுக்கு முன்னர் இளம் அறிவியல் மூன்றாமாண்டு மாணவர்களை அழைத்துக்கொண்டு ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றைக் காணச் சென்றிருந்தேன். சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில் ஒருமுறையேனும் பயணம் செய்தவர்களுக்கு அப்பகுதியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டதும், ஏரிப்பாசனத்தை நம்பியிருந்த ஊர்களின் வாழ்வைத் தலைகீழாக மாற்றிவிட்டன. எங்கள் மாணவர்களுள் பலருடைய தமையன்மாரும் தமக்கைமாரும் அங்கே ஷிப்டு வேலை பார்ப்பவர்கள். நிறுவனப் பேருந்து வரும் நேரத்தை வைத்தே அவர்கள் வீட்டில் சமையல் நடக்கிறது.

தொழிற்கூடத்தில் ஒவ்வொரு பணியிடத்திற்கும் எதிரே, கண்ணுக்கு நேராக, ஒரு தாள் தொங்கிக்கொண்டிருந்தது. முதலில் எந்தத் திருகு, அடுத்து எது, எவ்வளவு முறுக்குவிசை என்பதெல்லாம் படங்களுடன் அதில் அச்சிடப்பட்டிருந்தன. தலைக்கு மேலே ஒரு விளக்கு. வேலையில் ஐயமோ சிக்கலோ எழுந்தால் தொழிலாளி ஒரு பொத்தானை அழுத்துகிறார், விளக்கு எரிகிறது, மேற்பார்வையாளர் வந்து நிற்கிறார். 'ஜிக்' என்று அவர்கள் சொல்லும் தாங்கி, உதிரிபாகத்தைத் தலைகீழாக வைத்தால் பொருந்தவே பொருந்தாதபடி வடிவமைக்கப்பட்டிருந்தது. நான் முறுக்குவிசையைப் பற்றி மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது பின்வரிசையில் நின்ற ஒருவன், வகுப்பில் வாய் திறவாதவன், நிலுவைத் தாள்கள் ஐந்தை வைத்திருந்தவன், என் அருகில் வந்து மெல்லக் கேட்டான்:

"சார், இவங்க எல்லாரும் பார்த்துத்தானே சார் செய்யறாங்க? நம்ம லேபில மட்டும் ஏன் சார் பார்க்காம செய்யணும்?"

எனக்கு விடை தெரியவில்லை. "அது தேர்வு, இது வேலை" என்று ஏதோ சொல்லி வைத்தேன். அவன் தலையாட்டிவிட்டு மீண்டும் அந்தத் தாளையே பார்க்கப் போய்விட்டான்.

மறுநாள் அவனுடைய ஆய்வகக் குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினேன். பன்னிரண்டு பயிற்சிகளில் ஒன்பதில் சிவப்பு மையில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையது. எண்கள் இடம் மாறியிருந்தன. 56 இருக்க வேண்டிய இடத்தில் 65. இடப்பக்க அளவீடு வலப்பக்கக் கட்டத்தில். ஆனால் அப்பிழைகளை நீக்கிவிட்டுப் பார்த்தால், அவன் வரைந்த கதிர்ப்படங்களும் மின்சுற்றுப் படங்களும் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குபவனுடைய படங்களைவிடத் துல்லியமாக இருந்தன. ஒன்பது முறை சிவப்பு மையைத் தொட்ட நான் ஒருமுறைகூட அப்படங்களைப் பார்க்கவில்லை.

இங்கே ஜப்பானியத் தொழிற்சாலை வரலாற்றில் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். டொயோட்டா முறையோடு தொடர்புடைய ஷிகியோ ஷிங்கோ என்னும் பொறியியலாளர், பிழை நேராதபடி கருவிகளை அமைக்கும் முறையை வகுத்தார். அதற்கு முதலில் 'பாக்கா-யோக்கே' என்று பெயர். 'முட்டாள் தடுப்பு' என்பது பொருள். 1960-களில் ஓர் ஆலையில் அப்பெயரைக் கேட்ட பெண் தொழிலாளி ஒருவர், தம்மை முட்டாள் என்கிறார்களே என்று கண்ணீர் விட்டாராம். ஷிங்கோ பெயரை மாற்றினார்: 'போக்கா-யோக்கே', அதாவது 'பிழைத் தடுப்பு'. கருவி மாறவில்லை, குற்றம் எங்கே இருக்கிறது என்ற எண்ணம் மாறியது. உலகமெங்கும் இன்று அப்புதிய பெயரே வழங்குகிறது. நம் வகுப்பறைகள் மட்டும் இன்னும் பழைய பெயரில் நடக்கின்றன என்பது என் கருத்து.

சில மாணவர்களின் மூளை நரம்பமைப்பு பெரும்பான்மையோரினின்றும் வேறான முறையில் இயங்குகிறது. எழுத்துகளை வாசிப்பதில் இடர்ப்பாடு உள்ளவர்களை டிஸ்லெக்சியா உடையோர் என்கிறோம். எழுதுவதில் இடர்ப்பாடு டிஸ்கிராபியா. எண்களைக் கையாள்வதில் இடர்ப்பாடு டிஸ்கால்குலியா. ஆட்டிசம் உடையோர் ஒலி, ஒளி, மனிதப் பேச்சின் மறைபொருள் ஆகியவற்றை வேறு விதமாக உணர்கின்றனர். ஏ.டி.எச்.டி. என்பது கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதிலும், துடிப்பை அடக்குவதிலும் ஏற்படும் இடர். (நான் சிவப்பு மையில் எழுதிய சொல் ஒரு நிலையின் பெயர் என்பதை அறியாமலே எழுதியிருக்கிறேன்.) இவற்றுக்கெல்லாம் பொதுவாக 'நரம்பியல் பன்மை' என்னும் கருத்து 1990-களின் இறுதியில் ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ஜூடி சிங்கர் முதலியோரால் பரவியது. இவை அறிவுக் குறைவைக் குறிப்பன அல்ல, சோம்பலும் அல்ல.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 1896-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பிரிங்கிள் மார்கன் என்னும் மருத்துவர், பெர்சி என்ற பதினான்கு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். அவன் தன் பெயரையே 'பிரெசி' என்று எழுத்து மாற்றி எழுதினான். ஆனால் மூன்றிலக்க எண்கள் இரண்டைத் தந்து பெருக்கச் சொன்னால் விரைவாகவும் சரியாகவும் பெருக்கினான். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் கருதினார். இதைப் படித்தபோது எங்கள் மாணவனைப் பற்றி அவன் தந்தையார் கூறிய ஒரு செய்தி நினைவுக்கு வந்தது: சிறு வயதில் மதரஸாவில் உஸ்தாது ஓதக் கேட்டே பல அத்தியாயங்களைப் பிழையறப் பாடம் செய்தவனாம் அவன். பார்த்து ஓதச் சொன்னால்தான் தடுமாறுவானாம். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் மணலில் விரலால் எழுதவும், கூடி நின்று வாய்விட்டுச் சொல்லவும் கற்பித்தன. அவற்றில் குறைகள் ஏராளம் உண்டு. எனினும் செவியும் விரலும் அங்கே கற்றலில் பங்கு பெற்றன; நமது கல்லூரி அவ்விரண்டையும் ஓய்வில் அனுப்பிவிட்டது.

இயற்பியலுக்கு என்று தனித்த சில இடர்ப்பாடுகள் உள்ளன. அவற்றை வெளியார் அறியார். உள்ளே இருக்கும் நாங்களோ பழகிப்போனதால் காண்பதில்லை.

பாய்மங்களைப் பற்றிய பெர்னூலி சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். அதில் அழுத்தத்தைக் குறிக்க 'பி' என்னும் ஆங்கில எழுத்தும், அடர்த்தியைக் குறிக்க 'ரோ' என்னும் கிரேக்க எழுத்தும் வருகின்றன. கரும்பலகையில் விரைந்து எழுதும்போது அவ்விரண்டுக்கும் வேறுபாடு ஒரு சிறு வளைவுதான். ஐன்ஸ்டீனுடைய ஒளிமின் சமன்பாட்டில் அதிர்வெண்ணுக்கு 'நியூ', எலக்ட்ரானின் வேகத்துக்கு 'வி'. இரண்டும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே. இரண்டும் ஒரே வரியில் வந்து நிற்கின்றன! எழுத்துகள் இடம் மாறித் தோன்றும் ஒருவனுக்கு அவ்வரி என்னவாகத் தெரியும் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. 'எம்' என்னும் ஓரெழுத்து நிறையையும் குறிக்கிறது, மீட்டரையும் குறிக்கிறது, ஆயிரத்தில் ஒரு பங்கையும் குறிக்கிறது. தமிழில் ஒரு சொல் பல பொருள் என்று இலக்கணத்தில் தனியே கற்பிக்கிறோம். இயற்பியலில் அதைக் கற்பிக்காமலே மதிப்பெண்ணைக் குறைக்கிறோம்.

ஆய்வகத்திற்கு வருவோம். நிறமாலைமானியைக் கொண்டு முப்பட்டகத்தின் ஒளிவிலகல் எண்ணைக் காணும் பயிற்சி இயற்பியல் மாணவர் அனைவரும் அறிந்தது. இருட்டறை, சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி. மாணவன் தொலைநோக்கியின் குறுக்குக் கம்பியைப் பிம்பத்தின் மீது பொருத்துகிறான். பிறகு குனிந்து முதன்மை அளவையில் பாகையைப் படிக்கிறான். வெர்னியரின் முப்பது கோடுகளில் முதன்மை அளவைக் கோட்டோடு நேராக நிற்கும் ஒன்றைத் தேடுகிறான். அதை மீச்சிற்றளவால் பெருக்குகிறான். முதல் எண்ணோடு கூட்டுகிறான். இக்கூட்டல் பத்தின் மடங்கில் அன்று, அறுபதின் மடங்கில். அறுபது கலை ஆனால் ஒரு பாகை. கூட்டிய எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து, இரண்டு வெர்னியர்களுக்குரிய இரண்டு கட்டங்களில் உரியதைத் தேடி எழுதுகிறான். இத்தனையும் ஓர் அளவீட்டுக்கு. பயிற்சி முடிய இவ்வாறு பல முறை. வலப்புறம் அமர்ந்திருக்கும் தோழன் வேறோர் எண்ணை உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பான், மின்மாற்றி இரைந்துகொண்டிருக்கும், குழல்விளக்கு நொடிக்கு நூறு முறை துடித்துக்கொண்டிருக்கும். நமக்குத் தெரியாத அத்துடிப்பு, ஆட்டிசம் உடைய சிலருக்குத் தலைவலி தரும் அளவுக்கு உறைக்கிறது.

இதில் இயற்பியல் எங்கே இருக்கிறது? ஒளி ஏன் அக்கோணத்தில் சிறுமத் திசைமாற்றம் அடைகிறது என்பதில் இருக்கிறது. எதிரெதிரே இரண்டு வெர்னியர்கள் ஏன் வேண்டும் என்பதில் இருக்கிறது. மையப் பிறழ்ச்சிப் பிழையை நீக்கத்தான் என்று எங்கள் மாணவன் ஒரு படம் வரைந்து காட்டினான். அதைச் சொற்களால் ஒப்புவித்த பலருக்கு அப்படத்தை வரையத் தெரியவில்லை. எஞ்சியதெல்லாம் நினைவாற்றலுக்கும் கண் விரைவுக்கும் வைக்கும் சோதனை. அச்சோதனை வேண்டுமென்றால் அதற்கு வேறு பெயர் சூட்டலாம். இயற்பியல் என்று சொல்லி மதிப்பெண்ணைக் குறைப்பது முறையாகாது.

எனவே எங்கள் ஆய்வகத்தில் சில மாற்றங்களைச் செய்தேன். பெரிய சீர்திருத்தம் என்று எவரும் நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு மேசையிலும் அப்பயிற்சியின் படிநிலைகளைப் படத்துடன் ஒரு தாளில் ஒட்டினோம், ஒரகடத்தில் கண்டது போலவே. முதன்மை அளவு, வெர்னியர் கோடு, பெருக்கற்பலன், கூட்டுத்தொகை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் இட்ட அட்டவணையை அச்சிட்டுத் தந்தோம். எண்ணை நினைவில் சுமந்துகொண்டு நிமிர வேண்டிய தேவை நீங்கிற்று. முதல் வெர்னியருக்கு நீலக் கட்டம், இரண்டாவதற்குப் பச்சை. கரும்பலகையில் 'ரோ' எழுதும்போது வாயால் 'அடர்த்தி' என்று சொல்லும் பழக்கத்தை நானும் கற்றுக்கொண்டேன். மறுவாரப் பாடக் குறிப்பை முன்கூட்டியே தந்துவிடுகிறோம். வாய்மொழித் தேர்வில் "உன் சோதனையைப் பற்றிச் சொல்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதைக் கைவிட்டோம். ஆட்டிசம் உடையவருக்கு அவ்வினா எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விளங்காது. 2002-இல் கார்ல் வைமன் என்னும் நோபல் பரிசாளர் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'பெட்' என்னும் கணினி மாதிரிகளை விலையின்றிப் பெறலாம். மின்னோட்டத்தையும் அலையையும் கையால் இழுத்துப் பார்த்துக் கற்க அவை உதவுகின்றன. இம்மாற்றங்களால் அதிகப் பயன் அடைந்தோர் யார் என்று கேட்டால், எவ்விதக் குறைபாட்டுச் சான்றும் இல்லாத சாதாரண மாணவர்கள்தாம் என்பேன்.

மொழியைப் பற்றி இத்துறையின் மலரில் சொல்லாமல் விடுவது முறையன்று. தமிழில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் இணைந்தே செல்கின்றன. எழுதியதைக் கூட்டி வாசித்தால் சொல் வந்துவிடும். ஆங்கிலம் அப்படியன்று. 'பிசிக்ஸ்' என்னும் சொல்லே ஒலிக்கும் எழுத்தில் தொடங்குவதில்லை. ஆகவே சிறு அளவில் வாசிப்பு இடர் உடைய ஒரு பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் எப்படியோ தட்டுத்தடுமாறித் தேறிவிடுகிறான். கல்லூரிக்கு வந்து தடித்த ஆங்கிலப் பாடநூலைத் திறக்கும் நாளில்தான் இடர் முழு உருவில் வெளிப்படுகிறது. அப்போது நாம் என்ன சொல்கிறோம்? "தமிழ் மீடியம் பையன், இங்கிலீஷ் தெரியாது" என்கிறோம். உண்மைக் காரணம் அதன் நிழலில் மறைந்துகொள்கிறது. வாலாஜாபாத், சுங்குவார்சத்திரம், படப்பை முதலிய ஊர்களிலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளிடையே இவ்வாறு மறைந்திருப்போர் எத்தனை பேர் என்பதை எண்ணவே அச்சமாக இருக்கிறது. மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இந்திய மொழிகளிலேயே டிஸ்லெக்சியாவைக் கண்டறியும் கருவியை 2015-இல் வெளியிட்டது; முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றில். மொழிக்கேற்ற கருவி இல்லாமல் இடரை அளப்பது, அடிக்கோலால் காய்ச்சலை அளப்பது போன்றது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பெற்றோரும் பெரியோரும் அறிந்திருத்தல் நலம். 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஏழு வகை மாற்றுத்திறன்களை மட்டுமே ஏற்றது. 2016-இல் நிறைவேறி 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது; ஆட்டிசமும், டிஸ்லெக்சியா முதலிய குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் அவற்றுள் அடங்கும். அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும், 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு உடையோர்க்கு ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்க அது பணிக்கிறது. 2018 ஆகஸ்டில் நடுவண் அரசு வெளியிட்ட தேர்வு நெறிமுறைகள், மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரத்தையும், சொல்வதை எழுதுபவர் உதவியையும் அளித்தன. மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி கூடுதல். 40 விழுக்காட்டுக்குக் குறைந்தோர்க்கும் எழுத்தர் உதவியை மறுக்கலாகாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதையொட்டி 2022 ஆகஸ்டில் தனி நெறிமுறைகளும் வந்தன. ஏ.டி.எச்.டி. மட்டும் அந்த 21-இல் தன் பெயரில் இடம்பெறவில்லை. அது சட்டத்தின் ஓட்டை. ஆசிரியரின் உள்ளத்திலும் அந்த ஓட்டை இருக்க வேண்டியதில்லை.

தமிழகத்தில் 1991-இல் தோன்றிய மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் போன்ற அமைப்புகளின் உழைப்பால் பள்ளிகளில் விழிப்புணர்வு வந்தது. 2007-இல் வெளிவந்த 'தாரே ஜமீன் பர்' என்னும் இந்தித் திரைப்படத்தைப் பார்த்துக் கண்ணீர் விடாத ஆசிரியர் குறைவு. பள்ளிப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் எழுத்தர் உதவியும் கிடைக்கின்றன. ஆனால் அச்சலுகை பெற்ற பிள்ளை கல்லூரி வாயிலில் நுழைந்ததும் அக்கோப்பு எங்கோ நின்றுவிடுகிறது. விண்ணப்பப் படிவத்தில் நாம் சாதி கேட்கிறோம், வருமானம் கேட்கிறோம், இரத்தப் பிரிவுகூடக் கேட்கிறோம். "உனக்குப் படிப்பதில் ஏதேனும் உதவி வேண்டுமா?" என்று ஒரு வரி கேட்பதில்லை.

எதிர்வாதங்களை நான் அறியாதவன் அல்லேன். "எல்லார்க்கும் ஒரே அளவுகோல் வேண்டாமா? தரம் தாழ்ந்துவிடாதா?" என்று என் நண்பர்களே கேட்கின்றனர். ஒரு பகுதியை ஒப்புக்கொள்கிறேன். நுண்கணிதம் இல்லாமல் இயற்பியல் பட்டம் இல்லை. அதைக் குறைக்கச் சொன்னால் நானே எதிர்ப்பேன். இணைப்புக் கல்லூரி ஆசிரியர்களாகிய எம்மால் பல்கலைக்கழக வினாத்தாளையும் மாற்ற இயலாது. ஆனால் அகமதிப்பீடும் ஆய்வகமும் கரும்பலகையும் நம் கையில்தானே இருக்கின்றன! மூக்குக்கண்ணாடி அணிந்து வெர்னியரைப் படிப்பவனை நாம் எவரும் தேர்வு மோசடிக்காகப் பிடிப்பதில்லை.

வேறோர் எல்லைக்குச் செல்வோரும் உள்ளனர். "ஐன்ஸ்டீனுக்கே டிஸ்லெக்சியா, ஆகவே கவலைப்படாதே" என்று ஆறுதல் கூறுவர். ஐன்ஸ்டீன் பள்ளியில் கணிதத்தில் சிறந்தே விளங்கினார். அவருக்கு அப்படியொரு குறைபாடு இருந்ததாக நம்பத்தகுந்த சான்று ஏதும் இல்லை. பால் டிராக் மிகக் குறைவாகவே பேசியவர். மணிக்கு ஒரு சொல் என்பதே 'ஒரு டிராக்' என்னும் அலகு என்று கேம்பிரிட்ஜ் நண்பர்கள் நகையாடினர். அதை வைத்து இறந்தவருக்கு மருத்துவச் சான்று எழுதுவது வீண் வேலை. உண்மைச் சான்றே வேண்டுமெனில் சுவிட்சர்லாந்தின் ழாக் துபோஷே இருக்கிறார். இயற்பியல் பயின்றவர், உயிரணு மூலக்கூறுகளைக் கடுங்குளிரில் உறையவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியால் காணும் முறைக்காக 2017-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். தம் மாகாணத்திலேயே அதிகாரப்பூர்வமாக அறிவிக்கப்பட்ட முதல் டிஸ்லெக்சியா மாணவன் தாமே என்று தம் வாழ்க்கைக் குறிப்பில் நகைச்சுவையோடு எழுதிக்கொண்டவர். ஆனால் துபோஷேயையும் நான் அதிகம் காட்ட விரும்பவில்லை. நம் பிள்ளைகள் நோபல் பரிசு பெற வேண்டியதில்லை. நிலுவையின்றித் தேறி, தாம் கற்ற துறையில் வேலை பெற்றால் போதும்.

அந்த வேலை எங்கோ இல்லை. நம் கண்ணெதிரே ஒரகடம் சாலையில் இருக்கிறது. அங்குள்ள ஒவ்வோர் ஆலையிலும் அளவீட்டு அறை ஒன்று உண்டு. வெர்னியரும் திருகுமானியும் முப்பரிமாண அளவிடும் பொறியும் அங்கே இயங்குகின்றன. நடுவண் அரசின் வாகனச் சோதனை மையமும் ஒரகடத்திலேயே உள்ளது. பட்டம் பெற்ற மாணவன் அவ்வறைக்குள் செல்கிறான். நிலுவைத் தாளோடு படிப்பை விட்டவன் ஒப்பந்தத் தொழிலாளியாக உற்பத்தி வரிசையில் நிற்கிறான். ஒன்பது பக்கச் சிவப்பு மைக்கும் இவ்விரண்டு வாழ்க்கைகளுக்கும் இடையே உள்ள தொலைவு மிகச் சிறியது. தொழிற்சாலையை நான் பொன்னுலகமாகக் காட்டுவதாக எவரும் கருத வேண்டாம். இரைச்சலும், வாரந்தோறும் மாறும் ஷிப்டும், நொடிக்கணக்கில் துரத்தும் வேகமும் இத்தகைய பிள்ளைகளை வாட்டவே செய்யும். பாராட்டுவது அந்தத் தாளை மட்டும்தான். 2004-இல் டென்மார்க்கில் தோன்றிய ஸ்பெஷலிஸ்டர்னே என்னும் நிறுவனமும், 2013 முதல் எஸ்.ஏ.பி. என்னும் மென்பொருள் நிறுவனமும் ஆட்டிசம் உடையோரைத் தேடிச் சென்று பணியில் அமர்த்தியுள்ளன என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். உங்கள் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் கல்வி உதவித்தொகை வழங்குகின்றன. மதிப்பெண் பட்டியலே அதற்கு அளவுகோல். அப்பட்டியலின் அடியில் நிற்கும் ஒரு பிள்ளைக்குச் சோதனைக் கட்டணமும் போக்குவரத்துச் செலவும் கொடுத்துப் பாருங்கள். சான்றிதழ் பெறுவது எளிதன்று. 2018-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி கற்றல் குறைபாட்டுச் சான்று எட்டு வயதுக்குப் பிறகே வழங்கப்பட்டது. 14 வயதிலும் 18 வயதிலும் மீண்டும் சோதித்தாக வேண்டியிருந்தது. அதாவது, பிள்ளை கல்லூரியில் கால் வைக்கும் வயதில் மறுபடியும் மருத்துவக் குழுவின் முன் நிற்க வேண்டியிருந்தது. நாள்கூலியை இழந்து பெற்றோர் எத்தனை முறை அலைவர்? முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கிவரும் பல்வகை ஊனமுற்றோர்க்கான தேசிய நிறுவனம் ஒரகடத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகச் சென்றடையக்கூடிய தொலைவில்தான் இருக்கிறது. அதை அறிந்த பெற்றோரை நான் அதிகம் கண்டதில்லை. அறிந்தவர்களும் தயங்குகின்றனர். "சான்று வாங்கினால் தங்கைக்கு மாப்பிள்ளை கிடைக்குமா சார்?" என்று எங்கள் மாணவனின் தந்தையார் கேட்டபோது, ஆசிரியன் சொல்லக்கூடிய விடை என்னிடம் இல்லை. அவ்விடையைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். அவர் இல்லத்துக்கு ஒரு மாலையில் சென்றுவந்த பெரியவர் ஒருவர் என்ன பேசினாரோ அறியேன். மறுவாரம் தந்தையும் மகனும் மருத்துவமனைக்குச் சென்றனர்.

ஆசிரியர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. நாம் மருத்துவர் அல்லர். இரண்டு எழுத்து மாறியதும் "உனக்கு டிஸ்லெக்சியா" என்று பெயர் சூட்டிவிடுவது சிவப்பு மையைவிடக் கொடிது. தாளை மேசையில் ஒட்டுவதற்கு எவருடைய சான்றும் தேவையில்லை.

அம்மாணவன் இப்போது படிப்பு முடிந்து, எஞ்சிய இரண்டு தாள்களுக்காக நவம்பர்த் தேர்வை எதிர்நோக்கியிருக்கிறான். சான்று கிடைத்துவிட்டது; கூடுதல் ஒரு மணியும், சொல்வதை எழுதுபவர் உதவியும் உண்டு. எழுதுபவர் தேர்வாளரைவிட ஒரு படி குறைந்த கல்வியுடையவராக இருக்க வேண்டும் என்று 2018 நெறிமுறைகள் வகுத்தன. மேல்நிலைப் படிப்பை முடித்த இளைஞன் ஒருவனை மேற்சொன்ன பெரியவரே தேடித் தந்தார். சனிக்கிழமைதோறும் இருவரும் எங்கள் ஆய்வகத்தில் அமர்ந்து பயிற்சி செய்கின்றனர். சமன்பாட்டை வாயால் சொல்வதும் அதைக் கேட்டு எழுதுவதும் தனிக்கலை என்பதை அவர்களைப் பார்த்தே கற்றேன். கூலும் விதியை அவன் "ஒன் பை ஃபோர் பை எப்சிலான் நாட்" என்று சொன்னான். எழுதியவன் திகைத்துவிட்டான். வகுத்தலைக் குறிக்கும் 'பை' எது, வட்டத்துக்குரிய 'பை' எது? நம் நாவில் இரண்டும் ஒன்றே. நம் எழுத்திலும் ஒன்றே. தமிழ்த்துறை நண்பர்கள் இதற்கு இலக்கணத்தில் வழி சொல்லக்கூடும். அவர்கள் இருவரும் தாமாகவே ஒரு வழி கண்டனர். வகுத்தலுக்கு இனி 'கீழ்' என்று சொல்வதாக உடன்படிக்கை. சென்ற சனிக்கிழமை நான் உள்ளே நுழைந்தபோது, "ஒன்று, கீழ், நான்கு பை எப்சிலான் நாட்" என்று அவன் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, மற்றவன் எழுதிக்கொண்டிருந்தான். எழுதி முடித்த தாளை வாங்கிப் பார்த்தவன், "ஆர் மேல ரெண்டு விட்டுப்போச்சு" என்று விரல் வைத்துக் காட்டினான்.